மெக்கானிக்கல் டெக்னாலஜி மைனர்: கணினி அறிவியல் படிக்கிறவர் எந்தப் பாடங்களை எடுக்கணும், எந்த வரிசையில்?

சுழலி எழுதியது:

வணக்கம். கணினி அறிவியல் படிக்கிறேன், மூன்றாவது செமஸ்டர் முடியப் போகுது. ரோபோ பக்கம் வேலைக்குப் போகணும்னு ஆசை. கோடு எழுத வரும், மோட்டாரை ஓட்ட வரும். ஆனா அந்த மோட்டாரை எதுல பொருத்தணும், பிராக்கெட் எவ்வளவு தடிமன் வேணும், தாங்குமா வளையுமான்னு கேட்டா பதில் தெரியல. அதனால மெக்கானிக்கல் இன்ஜினியரிங் டெக்னாலஜியை மைனரா (மேஜர்ங்கிற முதன்மைத் துறையோட சேர்த்துப் படிக்கிற துணைப் பிரிவா) எடுக்கலாம்னு இருக்கேன்.

மொத்தம் 18 கிரெடிட், 6 பாடம். இதுல மூணு கட்டாயம்: டிராயிங்–கேட் (கணினியில வரைபடம் போடுறது), ஸ்டேட்டிக்ஸ் (அசையாம நிக்கிற பொருள் மேல வர்ற விசைகள்), உற்பத்தி முறைகள். மீதி மூணை இந்தப் பட்டியல்ல இருந்து நாமே தேர்ந்தெடுக்கணும்: ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் (பொருள் எவ்வளவு தாங்கும், வளையும்), மெஷின் எலிமெண்ட்ஸ் (எந்திர உறுப்புகள்), மெட்ராலஜி (அளவியல்), ஹைட்ராலிக்ஸ்–நியூமாடிக்ஸ் (எண்ணெய், காத்து அழுத்தத்தால இயக்குறது), தெர்மோடைனமிக்ஸ், சி.என்.சி. (கணினி ஓட்டுற வெட்டு எந்திரம்). எட்டாவது செமஸ்டர் முழுக்க புராஜெக்ட். ஆக 4 முதல் 7 வரை நாலு செமஸ்டர்தான் கையில இருக்கு.

எந்த மூணை எடுக்கலாம்? எந்த வரிசையில்? ஒர்க்‌ஷாப் பக்கமே போகாதவங்களுக்கு லேப் ரொம்பக் கஷ்டமா இருக்குமா? வேலைக்கு இது உதவுமா?

---

கிரெடிட்_கணக்கு எழுதியது:

பாடத் தேர்வுக்கு முன்னால் வரிசையைப் பாருங்கள். இந்த மைனரைப் பாதியில் விடுகிறவர்களில் பலருக்குப் பாடம் கடினமாக இருந்திருக்காது. வரிசையைக் கோட்டை விட்டிருப்பார்கள்.

உங்கள் பட்டியலில் ஒரு சங்கிலி இருக்கிறது. இயற்பியலில் இயக்கவியல் முடித்தால்தான் ஸ்டேட்டிக்ஸ். ஸ்டேட்டிக்ஸ் தேறினால்தான் ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ். அது முடிந்தால்தான் மெஷின் எலிமெண்ட்ஸ். இவற்றில் எதையும் ஒரே செமஸ்டரில் சேர்த்து எடுக்க முடியாது. அதாவது ஸ்டேட்டிக்ஸில் தொடங்கி மூன்று செமஸ்டர் இதற்கே போய்விடும். இதில் சில பாடங்கள் ஆண்டுக்கு ஒருமுறைதான் நடக்கும். அப்படிப்பட்ட ஒன்றில் தவறினால் போவது ஒரு செமஸ்டர் அல்ல, ஒரு முழு ஆண்டு. டிராயிங், உற்பத்தி முறைகள், மெட்ராலஜி ஆகியவை இந்தச் சங்கிலிக்கு வெளியே நிற்பவை. அவற்றை எங்கே வேண்டுமானாலும் செருகலாம். அதனால் ஸ்டேட்டிக்ஸுக்கு முதலில் இடம் போடுங்கள், மற்றவை தானாக வந்து உட்காரும்.

பெயரில் 'டெக்னாலஜி' என்று இருப்பதையும் கவனியுங்கள். மெக்கானிக்கல் இன்ஜினியரிங் துறையில் அதே ஸ்டேட்டிக்ஸைக் கால்குலஸ் வழியாக, சூத்திரத்தை வருவித்து நடத்துவார்கள். டெக்னாலஜி பிரிவில் பெரும்பாலும் இயற்கணிதமும் திரிகோணமிதியும் போதும். சூத்திரத்தை எடுத்து நிஜமான பொருளில் போட்டுப் பார்ப்பதில்தான் நேரம் செலவாகும், லேப் மணி நேரமும் அதிகம். உங்களுக்கு வேண்டியது இரண்டாவதுதான் என்று தோன்றுகிறது. ஆனால் பிற்பாடு மெக்கானிக்கலில் முதுகலை படிக்கும் எண்ணம் இருந்தால் இப்போதே யோசியுங்கள். கால்குலஸ் இல்லாத ஸ்டேட்டிக்ஸை முன்தேவையாக ஏற்காத இடங்கள் உண்டு.

துறை அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டிய விவரங்கள்: மேஜரோடு எத்தனை கிரெடிட்டைப் பகிர்ந்து கணக்கில் எடுக்கலாம், மைனர் பாடத்துக்குக் குறைந்தபட்ச மதிப்பெண் என்ன (சும்மா பாஸ் போதாமல் போகலாம்), எந்தப் பாடம் எந்த செமஸ்டரில் நடக்கிறது, லேப் இடங்களில் துறை மாணவர்களுக்கு முன்னுரிமை உண்டா. கடைசிக் கேள்வியைப் பலர் கேட்பதில்லை. லேத் (பொருளைச் சுழற்றி வெட்டும் எந்திரம்) லேபில் ஒரு எந்திரத்துக்கு ஒருவர், இருவர் என்றுதான் சேர்ப்பார்கள். அந்த இடங்கள் சீக்கிரம் நிறைந்துவிடும், மைனர் மாணவர்கள் காத்திருப்புப் பட்டியலில் நிற்பார்கள்.

கிரெடிட் எண்ணிக்கையைப் பார்த்து வாரக் கணக்கு போடாதீர்கள். 2 முதல் 3 மணி நேர லேபுக்கு 1 கிரெடிட்தான் வரும். 3 கிரெடிட் என்று எழுதியிருக்கும் உற்பத்தி முறைகள், ரிப்போர்ட் எழுதும் நேரத்தையும் சேர்த்தால், வாரத்தில் ஒரு முழு நாளைத் தின்றுவிடும்.

வேலையைப் பற்றி: மெக்கானிக்கல் டிசைன் இன்ஜினியர் பதவிக்குப் பட்டத்தைத்தான் பார்ப்பார்கள். மைனர் அதற்கு ஈடாகாது. தொழில்முறை உரிமம் கேட்கும் இடங்களிலும் மைனர் கணக்கில் வராது. ஆனால் ரோபோ, தானியங்கி எந்திரங்கள், சென்சார், எந்திரக் கட்டுப்பாட்டு மென்பொருள் போன்ற இடங்களில் வரைபடத்தைப் படித்து 'இந்தத் துளை இங்கே இருந்தால் கேபிள் போகாது' என்று சொல்லத் தெரிந்த மென்பொருள் ஆளுக்கு நிச்சயம் மதிப்புண்டு.

---

வெட்டுமுனை எழுதியது:

ஒர்க்‌ஷாப் கேள்விக்கு நான் சொல்றேன். கஷ்டம் இல்லை, ஆனா பொறுமை வேணும். முன்னே பின்னே லேத்தைப் பார்க்காதவங்க எந்தெந்த இடத்துல தடுமாறுவாங்கன்னு தெரிஞ்சா பாதி பயம் போயிடும்.

முதல் விஷயம் பாதுகாப்பு. சக் கீயை (துண்டைப் பிடிக்கிற சக்கை இறுக்குற சாவியை) சக்கில் விட்டுட்டு மோட்டாரைப் போட்டா அது தோட்டா மாதிரி பறந்து வரும். அதனால கீயிலிருந்து கையை எடுத்தா கீ சக்கில் இருக்கவே கூடாது, இதைப் பழக்கமாக்குங்க. சுத்துற எந்திரத்துக்கிட்ட கையுறை போடவே கூடாது. புதுசா வர்றவங்களுக்கு இது வினோதமாத் தெரியும், கையுறை பாதுகாப்புதானேன்னு. துணியோட ஒரு நூல் மாட்டினா போதும், கையையே சேர்த்து இழுத்துடும். முழுக்கை சட்டை, தொங்குற கயிறு, விரிச்ச முடி எல்லாத்துக்கும் அதே காரணம்தான். சுருள் சுருளா வர்ற சிப்பை (வெட்டின உலோகச் சீவலை) கையால எடுக்காதீங்க, கொக்கியால இழுங்க. பிளேடு மாதிரி அறுக்கும்.

அடுத்தது வேகம். சூத்திரம் ஒண்ணுதான்: வெட்டு வேகத்தை (நிமிடத்துக்கு மீட்டர்) 1000-ஆல பெருக்கி, 3.14 பெருக்கல் விட்டத்தால (மி.மீ.) வகுங்க. மைல்ட் ஸ்டீலை ஹெச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீட் ஸ்டீல்) டூல் வெச்சு 30 மீட்டர்/நிமிடத்துல வெட்டுறதா வெச்சா, 25 மி.மீ. தண்டுக்கு ஏறக்குறைய 380 ஆர்.பி.எம். எந்திரத்துல அந்த எண் இல்லைன்னா அதுக்குக் கீழே இருக்கிற வேகத்தைப் போடுங்க, மேலே போகாதீங்க. விட்டம் குறையக் குறைய ஆர்.பி.எம். ஏறணும். தண்டு 12 மி.மீ. ஆனதும் அதே 380-ல ஓட்டினா நேரம்தான் வீணாகும். ஆனா 100 மி.மீ. வட்டத்துல 380 போட்டா வெட்டு வேகம் 120 மீட்டருக்குப் போயிடும், ஹெச்.எஸ்.எஸ். முனை நீலம் பாய்ஞ்சு மழுங்கிடும்.

கிராஸ் ஸ்லைடு (டூலைத் தண்டை நோக்கிக் குறுக்கே நகர்த்துற பாகம்) டயல்ல ரெண்டு வகை இருக்கு. சிலதுல 0.5-னு திருப்பினா டூல் 0.5 உள்ளே போகும், விட்டத்துல 1 மி.மீ. குறையும். சிலதுல டயலே விட்டத்தைக் காட்டும். எந்திரத்துக்கு எந்திரம் மாறும். முதல் பாஸ் எடுத்து அளந்து பார்த்துட்டுத்தான் அடுத்ததுக்குப் போகணும். கடைசி அளவுக்கு வரும்போது தாண்டிட்டீங்கன்னா, திரும்பக் கொஞ்சம் பின்னால இழுத்து அங்கேயே நிறுத்தாதீங்க. திருகுல இருக்கிற தளர்ச்சியால டயல் ஒண்ணு சொல்லும், டூல் இன்னொரு இடத்துல நிக்கும். ஒரு முழுச் சுத்து பின்னால போயிட்டு மறுபடி முன்னால வாங்க.

ஃபேஸிங் (தண்டோட முனை முகத்தைத் தட்டையா வெட்டுறது) முடிச்சதும் நடுவுல சின்ன மொட்டு மாதிரி ஒண்ணு நின்னா டூல் முனை மையத்துல இல்லைன்னு அர்த்தம். கீழே இருந்தா ஷிம் (மெல்லிய தகடு) வெச்சு ஏத்துங்க. மேற்பரப்புல அலை அலையா வந்து எந்திரம் கீச்சிட்டா, டூலை ஹோல்டர்லருந்து எவ்வளவு வெளியே நீட்டியிருக்கீங்கன்னு பாருங்க. 20 மி.மீ. நீட்டினதை 40 ஆக்கினா வளையறது ரெண்டு மடங்கு இல்லை, எட்டு மடங்கு. தண்டுக்கும் இதே கதைதான். சக்குக்கு வெளியே விட்டத்தைப் போல மூணு மடங்குக்கு மேல நீண்டா டெயில்ஸ்டாக் சென்டர் (மறு முனையைத் தாங்குற கூர்முனை) குடுங்க.

மரை போடுறதுல டிரில் அளவைத் தப்பா எடுக்கிறவங்க நிறைய. விட்டத்துல இருந்து பிட்ச்சை (ஒரு மரைக்கும் அடுத்ததுக்கும் உள்ள தூரத்தை) கழிங்க. எம்8-க்கு (8 மி.மீ. மரை) பிட்ச் 1.25, அதனால 6.75, கிடைக்கிற டிரில் 6.8. எம்6-க்கு 5.0. எம்10-க்கு 8.5. எம்8-க்கு 6.5 போட்டா டேப் (மரை வெட்டுற கருவி) இறுகி உள்ளேயே ஒடியும், ஒடிஞ்ச டேப்பை வெளியே எடுக்கிறது பெரிய பாடு. எண்ணெய் விட்டு, அரைச் சுத்து முன்னே, கொஞ்சம் பின்னேன்னு திருப்பி சிப்பை உடைச்சுக்கிட்டே போங்க.

இப்போ மெட்ராலஜியை ஏன் கட்டாயம் எடுக்கச் சொல்றேன்னு பாருங்க. லேப்ல 25 எச்7/ஜி6 பொருத்தம் (25 மி.மீ. துளையும் தண்டும் எந்த எல்லைக்குள்ள இருக்கணும்னு சொல்ற குறியீடு) குடுப்பாங்க. துளை 25.000 முதல் 25.021 வரை இருக்கலாம், தண்டு 24.980 முதல் 24.993 வரை. தண்டுக்குக் குடுத்திருக்கிற மொத்த இடமே 0.013 மி.மீ. கூலண்ட் இல்லாம ரெண்டு மூணு ரஃப் பாஸ் எடுத்தா தண்டு அறையை விட 30 டிகிரி சூடாகிடும். எஃகு ஒரு டிகிரிக்கு, ஒரு மீட்டருக்கு ஏறக்குறைய 0.0115 மி.மீ. விரியும். 25 மி.மீ. விட்டம், 30 டிகிரி: 0.0086 மி.மீ. அதாவது உங்களுக்குக் குடுத்த இடத்துல மூணுல ரெண்டு பங்கு வெறும் சூடு! மைக்ரோமீட்டர்ல 24.984 காட்டும், சந்தோஷமா இறக்கி வைப்பீங்க. ஆறினதும் 24.975, கழிச்சுப் போட வேண்டியதுதான். நீள அளவுகளுக்கெல்லாம் 20 டிகிரி செல்சியஸ்னு உலகம் முழுக்க ஒரே வெப்பநிலையை வெச்சிருக்கிறது இதுக்காகத்தான். ஃபினிஷ் பாஸுக்கு முன்னாடி ஆற விடுங்க, அப்புறம் அளங்க.

இதே வேலைக்கு 0.02 வெர்னியரை எடுத்துக்கிட்டு வர்றவங்களும் உண்டு. 0.013 இடைவெளியை 0.02 கருவி எப்படிச் சொல்லும்? 0.01 மைக்ரோமீட்டரே இதுக்குக் கம்மிதான், 0.001 படிக்கிறது வேணும். எந்த அளவுக்கு எந்தக் கருவிங்கிற இந்தப் புரிதல்தான் மெட்ராலஜி. சென்சார் டேட்டா பார்க்கிறவங்களுக்கு ரெசல்யூஷன் வேற, துல்லியம் வேறங்கிறது உடனே பிடிபடும்.

டிராயிங் பாடத்துல ரெண்டே விஷயம் சொல்லிட்டு முடிக்கிறேன். ஒண்ணு, ஃபர்ஸ்ட் ஆங்கிளா தேர்ட் ஆங்கிளாங்கிற (பக்கத் தோற்றத்தை எந்தப் பக்கம் வரையிறதுங்கிற முறை) குறியைப் பார்க்காம வேலையைத் தொடங்காதீங்க. மாத்திப் படிச்சா பிராக்கெட் கண்ணாடியில தெரியிற மாதிரி இடம் வலமா மாறி வரும். இன்னொண்ணு, அளவைச் சங்கிலியா குடுக்காதீங்க. வரிசையா 5 துளை, ஒண்ணுலருந்து அடுத்ததுக்கு 20 ± 0.1-னு போட்டா முதல் துளைக்கும் கடைசித் துளைக்கும் நடுவுல ± 0.4 சேர்ந்துடும். எல்லாத்தையும் ஒரே விளிம்புலருந்து குடுத்தா எந்த ரெண்டு துளைக்கு நடுவுலயும் ± 0.2-க்கு மேல போகாது.

---

வளைவுமானி எழுதியது:

வெட்டுமுனை சொன்ன எட்டு மடங்கிலிருந்தே தொடங்குகிறேன். ரோபோ கை செய்யப் போகிறவருக்கு ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் ஏன் தேவை என்பது அந்த ஒரு எண்ணில் இருக்கிறது.

ஒரு அலுமினியப் பட்டை, 25 மி.மீ. அகலம், 5 மி.மீ. தடிமன், 300 மி.மீ. நீளம். ஒரு முனை மோட்டாரோடு இறுக்கியது, மறு முனையில் 20 நியூட்டன் பாரம், அதாவது கிட்டத்தட்ட 2 கிலோ. பட்டையைப் படுக்கை வாட்டத்தில் வைத்தால் முனை ஏறக்குறைய 9.9 மி.மீ. தொங்கும். அதே பட்டையை 90 டிகிரி திருப்பி விளிம்பில் நிறுத்தினால் 0.4 மி.மீ. எடை கூடவில்லை, பொருள் மாறவில்லை. 25 மடங்கு வித்தியாசம். காரணம், தடிமன் திசையின் அளவு சூத்திரத்தில் மும்மடியாக வருகிறது, நீளமும் மும்மடியாக வருகிறது.

இன்னும் ஒன்று பாருங்கள். படுக்கை வாட்டத்தில் வைத்தபோதும் பட்டையில் எழும் தகைவு (ஓர் அலகுப் பரப்புக்கு வரும் விசை) 58 மெகாபாஸ்கல்தான். எந்திரப் பாகங்களுக்கு வழக்கமாக எடுக்கும் 6061-டி6 அலுமினியத்துக்கு அது ஒன்றுமே இல்லை, 270-க்கு அருகில்தான் அது நிரந்தரமாக வளையத் தொடங்கும். பட்டை உடையாது, ஆனால் 10 மி.மீ. தொங்கும். கட்டுப்பாட்டு நிரலில் என்ன திருத்தம் போட்டாலும், என்கோடர் (சுழற்சியை அளக்கும் சென்சார்) மோட்டார் தண்டில் இருப்பதால், இந்தத் தொய்வு அதன் கண்ணில் படவே படாது. வலிமை வேறு, விறைப்பு வேறு. மென்பொருள் பக்கமிருந்து வருகிறவர்கள் இந்த இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொண்டு, இன்னும் உறுதியான உலோகக்கலவை தேடி அலைவார்கள். எந்த அலுமினியக் கலவைக்கும் விறைப்பு எண் 70 கிகாபாஸ்கல் பக்கம்தான், எஃகுக்கு 200. கலவையை மாற்றி விறைப்பைக் கூட்ட முடியாது. வடிவத்தைத்தான் மாற்ற வேண்டும்.

ஸ்டேட்டிக்ஸும் உடனே பயன்படும். 300 மி.மீ. கையின் முனையில் 2 கிலோ என்றால் மூட்டில் 5.9 நியூட்டன் மீட்டர் திருப்புவிசை. கையின் சொந்த எடை 0.8 கிலோ, அதன் மையம் 150 மி.மீ.-இல் என்றால் இன்னொரு 1.2. மொத்தம் 7.1. இது அசையாமல் பிடித்து நிற்க மட்டும். வேகமாகத் தூக்க வேண்டுமானால் முடுக்கத்துக்குத் தனியாகச் சேர்க்க வேண்டும். 6 நியூட்டன் மீட்டர் மோட்டாரை வாங்கிப் பொருத்திவிட்டுக் கை ஏன் இறங்குகிறது என்று கேட்பவர்கள் கையின் சொந்த எடையை விட்டிருப்பார்கள்.

ஸ்டேட்டிக்ஸில் மதிப்பெண் போவது கணக்கில் அல்ல, படத்தில். பொருளை அதன் பிடிமானங்களிலிருந்து பிரித்துத் தனியாக வரைந்து, பிரித்த ஒவ்வோர் இடத்திலும் என்ன விசை வருகிறது என்று போட வேண்டும். பின் மூட்டு என்றால் இரண்டு விசை. சுவரில் இறுக்கியது என்றால் இரண்டு விசையோடு ஒரு திருப்புவிசை. அந்தத் திருப்புவிசையைப் போட மறந்தால் சமன்பாடு எதுவும் மூடாது. அலகில் இன்னொரு கண்ணி: நியூட்டன், மி.மீ., மெகாபாஸ்கல் என்ற தொகுப்பிலேயே கடைசி வரை இருங்கள். ஒரு சதுர மி.மீ.-க்கு ஒரு நியூட்டன் என்பதுதான் 1 மெகாபாஸ்கல். நடுவில் மீட்டர் புகுந்தால் விடை ஆயிரம், பத்து லட்சம் மடங்கு தவறும்.

லேபில் இழுவிசைச் சோதனை வரும். 12.5 மி.மீ. விட்டம், 50 மி.மீ. கேஜ் நீளம் (நீட்சியை அளக்கும் பகுதி) உள்ள மைல்ட் ஸ்டீல் துண்டு. பரப்பு 122.7 சதுர மி.மீ., 30 கிலோநியூட்டனைத் தாண்டியதும் நெகிழத் தொடங்கும். அதுவரை அந்த 50 மி.மீ. நீண்டது எவ்வளவு தெரியுமா? 0.06 மி.மீ. ஒரு தலைமுடி அளவு. இந்த நீட்சியை எந்திரத்தின் கிராஸ்ஹெட் (துண்டை இழுக்கும் நகரும் சட்டம்) நகர்விலிருந்து எடுத்தால், பிடிப்பான் அரை மில்லிமீட்டர் வழுக்கியதும் எந்திரத்தின் சட்டம் நெகிழ்ந்ததும் எல்லாம் துண்டின் நீட்சியாகவே பதிவாகும். விறைப்பு எண் 200 வர வேண்டிய இடத்தில் 22 வரும். ரிப்போர்ட்டில் 'மனிதப் பிழை' என்று எழுதி வைப்பார்கள், அது தவறு. எக்ஸ்டென்சோமீட்டரை (நீட்சி அளக்கும் கருவியை) துண்டின் மீதே கவ்வ வைத்து அளக்க வேண்டும். சென்சாரை எங்கே வைக்கிறோம் என்பதுதான் விடை. உங்கள் துறைக்காரருக்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது.

கணினியில் ஃபைனைட் எலிமெண்ட் (பாகத்தை மெஷ் என்னும் சிறு துண்டுகளாகப் பிரித்துக் கணக்கிடும்) மென்பொருளை ஓட்டிப் பார்க்கும் ஆசை வரும், உங்களுக்குக் கண்டிப்பாக வரும். கூரான உள்மூலை உள்ள பிராக்கெட்டை அதில் போட்டு மெஷ்ஷைப் பொடியாக்கிக்கொண்டே போனால் மூலையில் தகைவு ஏறிக்கொண்டே போகும், ஓர் எண்ணில் நிற்காது. மென்பொருளில் கோளாறு இல்லை. ஆரம் சுழியான மூலைக்குக் கோட்பாட்டிலேயே எல்லை கிடையாது. உண்மையில் இருக்கப் போகும் ஃபில்லெட் (மூலையின் வளைவு) ஆரத்தை மாடலில் போடுங்கள், எண் ஒரு மதிப்புக்கு வந்து நிற்கும். அதற்கு முன் கையால் ஒரு கணக்குப் போட்டு வைத்திருங்கள். மேலே உள்ள 9.9 மி.மீ. போல ஒரு எண் கையில் இருந்தால், மென்பொருள் 0.0099 காட்டும்போது அலகு தவறியிருக்கிறது என்று உடனே தெரியும்.

என் பரிந்துரை: ஸ்ட்ரெங்த், மெஷின் எலிமெண்ட்ஸ், மெட்ராலஜி. தெர்மோடைனமிக்ஸ் நல்ல பாடம்தான், ஆனால் உங்கள் நோக்கத்துக்கு வெகு தூரம்.

---

அழுத்தமானி எழுதியது:

மெஷின் எலிமெண்ட்ஸுக்குப் பதில் ஹைட்ராலிக்ஸ்–நியூமாடிக்ஸையும் யோசியுங்க. கட்டுப்பாட்டு நிரல் எழுதுறவங்களுக்கு நேரடியா வேலைக்கு ஆகும். வால்வு, சென்சார், லாஜிக் எல்லாம் ஒரே பலகையில இருக்கும். கணக்கும் எளிது. 50 மி.மீ. சிலிண்டருக்கு 1963 சதுர மி.மீ. பரப்பு. 100 பார் எண்ணெய்ல 19.6 கிலோநியூட்டன், 6 பார் காத்துல 1.18 கிலோநியூட்டன். நிமிடத்துக்கு 10 லிட்டர் எண்ணெய் போனா ராட் நொடிக்கு 85 மி.மீ. வெளியே வரும். திரும்பும்போது ராட் இடத்தை அடைச்சுக்கிறதால வேகம் கூடும், விசை குறையும்.

இதுல எல்லாரும் தடுக்கி விழற இடம் ஒண்ணு. காத்து சிலிண்டரை மெதுவா நகர்த்த, உள்ளே போற காத்தைக் குறைப்பாங்க. அது நிக்கும், குதிக்கும், மறுபடி நிக்கும். காத்து அமுங்கும், அதனால சீல் உராய்வைத் தாண்டுற வரைக்கும் அழுத்தம் சேர்ந்து, தாண்டினதும் ஒரே தள்ளா தள்ளிடும். வெளியே போற காத்தைக் கட்டுப்படுத்தணும். அப்போ பிஸ்டனுக்கு ரெண்டு பக்கமும் காத்து மெத்தை மாதிரி பிடிச்சுக்கும், நகர்வு சீரா வரும். ஃப்ளோ கண்ட்ரோல் வால்வுல அம்புக்குறியைப் பார்த்து மாட்டினாலே போதும்.

குழாயைக் கழட்டுறதுக்கு முன்னாடி மோட்டாரை நிறுத்தினா மட்டும் பத்தாது. அக்குமுலேட்டர்லயும் (அழுத்தத்தோட எண்ணெயைச் சேர்த்து வைக்கிற கலன்), தூக்கி நிக்கிற பாரத்துக்குக் கீழேயும் அழுத்தம் அப்படியே இருக்கும். பாரத்தை இறக்கி, கேஜ் சுழிக்கு வந்ததைப் பார்த்துட்டுத்தான் ஸ்பேனரை வைக்கணும். கசிவைத் தேட விரலைக் கொண்டு போகாதீங்க. ஊசி முனை அளவு ஓட்டையில வர்ற எண்ணெய் தோலைத் துளைச்சு உள்ளே போயிடும், வலி பெருசா தெரியாது, ஆனா உடனே அறுவை சிகிச்சைக்குப் போக வேண்டிய காயம் அது. அட்டைத் துண்டை நீட்டிப் பாருங்க.

---

சுழலி எழுதியது:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. என்கோடர் விஷயம் நான் யோசிச்சதே இல்லை, இதுவரைக்கும் தொய்வுக்கெல்லாம் நிரல்லதான் காரணம் தேடிக்கிட்டு இருந்தேன்.

துறையில கேட்டேன். ஸ்டேட்டிக்ஸ் ஒற்றைப்படை செமஸ்டர்ல மட்டும்தான் நடக்குமாம், ஸ்ட்ரெங்த் இரட்டைப்படையில மட்டும். அப்போ நாலாவதுல ஸ்டேட்டிக்ஸ் எடுக்கவே முடியாது. இப்படிப் போட்டிருக்கேன், சரியா பாருங்க: 4-ல் டிராயிங். 5-ல் ஸ்டேட்டிக்ஸ், உற்பத்தி முறைகள். 6-ல் ஸ்ட்ரெங்த், மெட்ராலஜி. 7-ல் மெஷின் எலிமெண்ட்ஸ். இயற்பியல் ஏற்கனவே முடிச்சாச்சு. சி.என்.சி. இல்லாம போறது தப்பா?

---

கிரெடிட்_கணக்கு எழுதியது:

சங்கிலி சரியாக உட்கார்ந்திருக்கிறது. ஒரே மாற்றம்: உற்பத்தி முறைகளை நாலாவதுக்கு, டிராயிங்கோடு கொண்டு வாருங்கள். ஐந்தாவதில் ஸ்டேட்டிக்ஸில் தவறினால் அதை மறுபடி ஏழாவதில்தான் எடுக்க முடியும். அப்போது ஸ்ட்ரெங்த் எட்டாவதுக்குத் தள்ளப்பட்டு புராஜெக்டோடு மோதும், மெஷின் எலிமெண்ட்ஸ் கையை விட்டுப் போகும். அதனால் அந்த செமஸ்டரில் ஸ்டேட்டிக்ஸுக்குத் துணையாக இலகுவான ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், மெட்ராலஜி சரியாக இருக்கும். ஆறாவதில் ஸ்ட்ரெங்த் தனியாக நிற்கட்டும், இழுவிசை ரிப்போர்ட்டுகளுக்கு அந்த நேரம் தேவைப்படும்.

மெஷின் எலிமெண்ட்ஸ் எந்த செமஸ்டரில் நடக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. அதுவும் இரட்டைப்படை என்றால் எட்டாவதில்தான் வரும். அப்படியானால் ஏழாவதில் அழுத்தமானி சொன்ன ஹைட்ராலிக்ஸை எடுங்கள். அதற்கு ஸ்ட்ரெங்த் முன்தேவையாக இருப்பது அரிது, இருந்தாலும் ஆறாவதிலேயே முடித்திருப்பீர்கள்.

---

வெட்டுமுனை எழுதியது:

சி.என்.சி. இல்லாததுல தப்பே இல்லை. நிரல் எழுதத் தெரிஞ்சவங்களுக்கு அந்தக் குறியீடு ரெண்டு வாரத்துல வந்துடும். வராதது, ஒரு பாஸுக்கு எவ்வளவு ஆழம், எந்த ஃபீட் (ஒரு சுத்துக்கு டூல் நகர்ற தூரம்), துண்டை எங்கே பிடிக்கிறதுங்கிறதுதான். அது கை லேத்துல 0.2 மி.மீ. ஃபீட்ல சத்தத்தைக் கேட்டுக் கேட்டு வர்றது. உற்பத்தி முறைகள் லேப்லயே அது கிடைச்சுடும்.

ஒண்ணு மட்டும் செய்யுங்க. டிராயிங்கும் உற்பத்தி முறைகளும் ஒரே செமஸ்டர்ல வந்தா, கேட்ல வரையிற ஏதாவது ஒரு பாகத்தை லேப்ல நீங்களே வெட்டணும்னு ரெண்டு ஆசிரியர்கிட்டயும் இப்பவே கேட்டு வெச்சுக்கோங்க. மோட்டார் மவுண்ட் பிளேட் மாதிரி சின்னதா, நாலு எம்6 மரை, நடுவுல ஒரு எச்7 துளை. அடுத்த செமஸ்டர் மெட்ராலஜி லேப்ல அதே பிளேட்டை எடுத்துட்டுப் போய் அளந்து, வரைபடத்துல குடுத்த எண்ணுக்குப் பக்கத்துல அளந்த எண்ணை எழுதுங்க. வேலைக்கு நேர்காணல் போறப்போ அந்த வரைபடம், பிளேட், அளவு ஷீட் மூணையும் மேசையில வைக்கலாம். அதனால லேப் முடிஞ்சதும் பிளேட்டை ஸ்கிராப் பெட்டியில போட விடாதீங்க, துருப்பிடிக்காம எண்ணெய் தடவி, பேப்பர்ல சுத்தி எடுத்து வெச்சுக்கோங்க.